இடது பக்கம் இழுக்கும் கார்

கார் இடது பக்கம் இழுக்கிறது என்று பல் டாக்டர் மூன்றாவது தடவையாக வீல் அலைன்மென்ட் கடைக்கு வந்து நின்றார்.

சாதாரணக் கார் இல்லை. இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரை இல்லாத பழைய ஸ்போர்ட்ஸ் கார். துருப்பிடித்த வெறும் கூடாக வாங்கி, ஏழு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குத் தின்னக் கொடுத்து, வீட்டு ஷெட்டிலேயே டாக்டர் கட்டி முடித்தது. பழைய எஞ்சின் தேறாது என்று தெரிந்ததும், வேறொரு பெரிய காரின் எஞ்சினைத் தூக்கி இதில் வைத்திருந்தார்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. புது எஞ்சினுக்கு இடம் போதவில்லை. சக்கரங்களைத் திருப்பும் ஸ்டியரிங் ராக்கை ஒரு விரல் அளவு கீழே இறக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பியது. வளைவில் ஒடித்த ஸ்டியரிங்கோ நேருக்கு வர மாட்டேன் என்று அடம் பிடித்தது.

இரண்டையும் சரி செய்தவர் அந்தத் தெருக்கோடி அலைன்மென்ட் கடைக்காரர்தான். கடையில் கம்ப்யூட்டர் மெஷின் இருந்தாலும், கடைசியாகக் காருக்கு இரு பக்கமும் நூல் கட்டி அளந்தால்தான் அவருக்குத் திருப்தி. அதனால் எல்லோருக்கும் அவர் நூலண்ணன். ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் கம்பிகளின் முனைகளில் வாஷர் வைத்து ராக்கின் மட்டத்துக்கு இறக்கினார். முன்சக்கரங்களின் சாய்வை மாற்றினார். கார் சாதுவானது.

இந்த இழுப்பு மட்டும் போகவில்லை. அதுவும் கிளம்பியதும் இழுக்காது. பத்து நிமிஷம் ஓடிய பிறகுதான்.

நூலண்ணன் தானே ஓட்டிப் பார்த்தார். நேராகப் போனது. டாக்டரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். சொல்லி வைத்தாற்போல் பத்தாவது நிமிஷம் கார் இடது பக்கம் நகர்ந்தது.

"பாத்தீங்களா?" என்றார் டாக்டர், வழக்கில் ஜெயித்தவர் மாதிரி.

நூலண்ணன் காரைக் கடைக்குத் திருப்பச் சொன்னார். கடைக்கு வந்த பிறகு, ராக்குக்குள்ளேயே கோளாறு இருப்பதாகவும், ஒரு பாகம் வரவழைக்க வேண்டும் என்றும், அதுவரை காரைத் தொடவே வேண்டாம் என்றும் சொல்லிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்.

ஒரு வாரம் போனது. பாகம் வரவில்லை. இரண்டாவது வாரம் டாக்டர் எட்டிப் பார்த்தபோது, கார் போர்த்திய துணியோடு அப்படியே நின்றது. ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றிய அடையாளம் இல்லை. கேட்டதற்கு மழுப்பலான பதில்தான் கிடைத்தது.

கிளினிக்கிலும் ஏதோ சரியில்லை. அங்கே அப்பாயின்ட்மென்ட் கொடுப்பது டாக்டரின் மனைவி. இரண்டு வாரமாகப் பல் பிடுங்க ஒருத்தர்கூட வரவில்லை. வந்தவர்களெல்லாம் வாயைத் திறந்து காட்டி, மருந்துச் சீட்டு வாங்கிப் போகிறவர்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பல் கெட்டிப்பட்டுவிட்டதா என்று மனைவியிடம் கேட்டார். இது சீசன் இல்லையே என்றாள் அவள். பல்லுக்கு என்ன சீசன் என்று அவர் யோசிப்பதற்குள், அடுத்த வெள்ளிக்கிழமை அவருக்கு முழு உடல் பரிசோதனைக்குத் தேதி வாங்கியிருப்பதாகச் சொன்னாள். டாக்டருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மூன்றாவது வாரம் பொறுமை போய்விட்டது. நூலண்ணன் சாப்பிடப் போன நேரம் பார்த்து, இன்னொரு மெக்கானிக்கை ஸ்பேர் சாவியோடு கூட்டி வந்து ஓட்டச் சொன்னார். அரை மணி நேரம் ஓட்டியும் கார் நூல் பிடித்தாற்போல் போனது. இதில் பார்க்க ஒன்றுமே இல்லை, யாரோ பிரமாதமாகச் செய்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அந்த மெக்கானிக் இறங்கிப் போனார்.

அப்படியானால் சரியாக இருக்கிற காரை எதற்கு மூன்று வாரமாகப் பிடித்து வைத்திருக்கிறான்?

நூலண்ணன் திரும்பி வந்தபோது கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். டாக்டர் யாரையும் பார்க்கவில்லை.

"வேலை தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும். பாகம் வரணும், பாகம் வரணும்னு எதுக்கு இத்தனை நாளா என்னை ஏமாத்தினீங்க?"

நூலண்ணன் எல்லோரையும் ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்பு என்மேலதான் டாக்டர். எனக்குப் பிடிபடல."

காத்திருந்த ஒருவர் தன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இன்னொருவர், கம்ப்யூட்டரை நம்பாத ஆளை நம்பினால் இப்படித்தான் என்று காதுபடவே சொல்லிவிட்டுப் போனார். நூலண்ணன் மற்றவர்களையும் ஒவ்வொருவராக அனுப்பிவைத்தார். சாவியை மட்டும் கொடுக்கவில்லை. கடைசி ஆளும் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"காருல ஒரு குறையும் இல்ல டாக்டர். அன்னிக்கு நான் ரோட்டைப் பாக்கல, உங்க கையைத்தான் பாத்தேன். பத்து நிமிஷம் ஆனதும் உங்க வலது கை விரல் ஒவ்வொண்ணா ஸ்டியரிங்கை விட்டுடுது. உங்களுக்கே அது தெரியல. அப்புறம் இடது கையோட பாரம் மட்டும்தான். கார் அந்தப் பக்கம் போகாம என்ன செய்யும்?"

டாக்டர் தன் வலது கையைப் பார்த்தார். ஊசி பிடிக்கிற கை. இடுக்கி பிடிக்கிற கை.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அன்று சாயங்காலமே நூலண்ணன் டாக்டரின் மனைவியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவர் பயந்துவிடுவார், இப்போது சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது அவள்தான். வெள்ளிக்கிழமை அவர் போகப்போவது நரம்பு டாக்டரிடம். ஆரம்பத்திலேயே பார்த்தால் பெரும்பாலும் குணமாகிவிடும் என்று அங்கே சொன்னார்களாம்.

டாக்டர் பாதி இறங்கியிருந்த ஷட்டரைப் பார்த்தார்.

"அவ்வளவு பேர் முன்னாடி நான் திட்டினேனே... அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

நூலண்ணன் ஷட்டரை மறுபடி மேலே தூக்கினார்.

"எப்படி டாக்டர் சொல்றது? அதுல பாதிப் பேருக்கு நீங்கதானே பல் பாக்கறீங்க."