ஒற்றை எழுத்து

வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதும் கணவன், கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் ஓர் எழுத்தைத் தட்டினான். ஏதோ ஒரு ஃபோல்டர் திறந்தது. மனைவி வந்ததும் கைகளை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டான்.

“முன்னெல்லாம் முழுசா டைப் பண்ணுவீங்க. இப்ப எல்லாத்துக்கும் ஒத்தை எழுத்து. யாருக்குத் தெரியக் கூடாதுன்னு இந்த ரகசிய பாஷை?”

“குறுக்குவழிம்மா. வேலை சீக்கிரம் முடியும்.”

“என் மெசேஜுக்கும் ‘ம்’னு ஒத்தை எழுத்துதான். யாரு அவ?”

அவள் கீபோர்டை அவன் பக்கம் தள்ளினாள்.

“எங்க, என் பேரை முழுசா அடிங்க பார்ப்போம்!”

அவன் தயங்கியபடி வலது கையை மேலே எடுத்தான். ஆட்காட்டி விரல் மட்டும் நீண்டது. மற்றவை மடங்கியபடியே நடுங்கின.

“இது ஒண்ணுதான் இப்ப என் பேச்சைக் கேக்குது. எத்தனை நாளைக்குன்னு டாக்டருக்கே தெரியலை.”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவனை ஒட்டி உட்கார்ந்தாள்.

“சொல்லுங்க. நான் தட்டுறேன்.”