இரண்டாம் நம்பர் திரை

"பொண்டாட்டியாச்சேன்னு விட்டுக் கொடுத்துடாத ரகு. எது மெஷின்னு மனசுல படுதோ, அதையே சொல்லு."

சொல்லிவிட்டு பிரபா நகத்தைக் கடித்தாள். ஆறு மாத உழைப்பு இன்னும் அரை மணி நேரத்தில் தேறுமா, தேறாதா என்று தெரிந்துவிடும்.

காலேஜ் லேபில் ரகுவுக்கு முன்னால் இரண்டு கம்ப்யூட்டர் திரைகள். ஒன்றில் பதில் சொல்வது பிரபா எழுதிய புரோகிராம். இன்னொன்றில், பக்கத்து அறையிலிருந்து தட்டுகிற நிஜ மனிதர். ரகு கேட்கிற கேள்வி இரண்டுக்கும் போகும். எது மெஷின் என்று அவன் கண்டுபிடிக்க வேண்டும். ஐந்து நடுவர்களில் மூன்று பேராவது ஏமாந்தால்தான் பிராஜெக்ட் தேறும். இதுவரை நாலு பேரில் இரண்டு பேர் ஏமாந்தாயிற்று. ஐந்தாவது ஆள் ரகு.

"கட்டின புருஷனையே ஏமாத்த முடியலேன்னா அது என்னம்மா மெஷினு?" என்று அவனை உட்கார வைத்தது பேராசிரியர் சீனிவாசராகவன். மனுஷர் கறார் பேர்வழி. மூலையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்.

"ஆரம்பிக்கலாமா சார்?"

"ம். தமிழையே இங்கிலீஷ் எழுத்துல அடிப்பா. ரெண்டும் அப்படித்தான் பதில் சொல்லும்."

ரகு தட்டினான். 'வணக்கம். எப்படி இருக்கீங்க?'

முதல் திரையில் நிதானமாகப் பதில் வந்தது. 'நல்லா இருக்கேன். உங்க பேச்சைக் கேட்கத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்!'

இரண்டாம் திரையில் ஒன்றுமே இல்லை. ஒரு நிமிஷம் கழித்து, 'ம்' என்று வந்தது. அப்புறம் இன்னொரு நிமிஷம். 'வேலை எப்படி'.

ரகுவுக்குச் சிரிப்பு வந்தது. ஆறு மாசமாக ரசம் சாதத்தோடு சேர்த்து இந்த வித்தைகளையெல்லாம் கேட்டவன் அவன். உடனே பதில் சொன்னால் மெஷின் மாட்டிக்கொள்ளும் என்று வேண்டுமென்றே தாமதம் செய்யவைப்பாள் பிரபா. பாவம், கொஞ்சம் ஓவராகப் போட்டுவிட்டாள்.

'பதிமூணைப் பதினேழால பெருக்கினா எவ்வளவு?'

இரண்டாம் திரையில் சட்டென்று விழுந்தது. '221'.

முதல் திரை சாவகாசமாகச் சொன்னது. 'கணக்குன்னா எனக்குக் காய்ச்சலே வந்துடும். வேற ஏதாவது கேளுங்களேன்.'

"ஆயிடுத்தா?" என்றார் பேராசிரியர்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு சார்."

ஆயிடுச்சு என்றுதான் ரகுவுக்கும் தோன்றியது. கணக்கென்றால் மட்டும் குதிரை வேகம், பேச்சென்றால் நொண்டி. வேறென்ன வேண்டும்? ஆனால் பிரபா தோற்றுப்போவாளே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. மெஷினுக்குக் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுப்போம் என்று, வெளியாள் யாரிடமும் சொல்லாத ஒன்றை எடுத்தான்.

'எங்க அப்பா என்னோட பேசி ரெண்டு வருஷம் ஆச்சு.'

முதல் திரை கேட்டது. 'அப்பாவைப் பத்தி இன்னும் சொல்லுங்க.'

ரகுவின் விரல்கள் தாமாகவே ஓடின. 'பெங்களூர் பீன்யா ஃபேக்டரில அவர் வாங்கிக் குடுத்த வேலைய விட்டுட்டு கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போனேன். அன்னிக்கு மூடின வாய். எதிர்ல வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கிறார்.'

'அதுல உங்களுக்கு வருத்தமா?'

'ரொம்ப. தினமும் நெனச்சுக்கறேன்.'

முகம் தெரியாத யாரோ ஒரு புண்ணியவான் இவ்வளவு இதமாகக் கேட்கிறாரே!

இரண்டாம் திரை காலியாகவே கிடந்தது. ஒரு நிமிஷம். இரண்டு. மூன்று. கடைசியில் ஒற்றை வார்த்தை வந்தது.

'சாப்பிட்டியா'.

"அய்யோ பிரபா!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டான் ரகு. "நான் என்ன சொல்றேன், இது என்ன கேக்குது பாரு! புரியலேன்னா எதையாவது உளறி வைக்கும்னு நீதானே சொன்னே?"

பிரபா இரண்டாம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் ஏன் கலங்கியிருக்கிறது என்று அவனுக்குப் புரிந்தது. இருந்தாலும் சத்தியம் சத்தியம்தானே.

"சாரிடி," என்று முணுமுணுத்துவிட்டுத் திரும்பினான். "ரெண்டாம் நம்பர்தான் மெஷின் சார்."

பேராசிரியர் நோட்டை மூடினார். "ஒண்ணாம் நம்பர்தான்யா மெஷின்! உன் சம்சாரம் பாஸ்."

ரகு முதல் திரையைக் காட்டினான். "அதுதானே பிரபா அவ்வளவு அக்கறையா விசாரிச்சுது!"

"அப்பான்னு ஒரு வார்த்தை வந்தா, 'அப்பாவைப் பத்தி இன்னும் சொல்லுங்க'ன்னு கேக்கணும். அப்படித்தான் எழுதி வச்சிருக்கேன். அதுக்கு அப்பாவும் தெரியாது, வருத்தமும் தெரியாது."

"அப்ப ரெண்டாம் நம்பர்ல இருந்த அந்தக் கல்லுளிமங்கன் யாரு?"

பிரபா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து அறைக் கதவைத் திறந்தாள்.

உள்ளே, கண்ணாடிக்குக் கீழே வழிந்ததைத் துடைக்கக்கூட மறந்து, கீபோர்டில் ஒற்றை விரலால் அடுத்த எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தார் ரகுவின் அப்பா.