புது மெத்தை

"யாரு பார்த்த வேலை இது? புது மெத்தை! உறை பிரிச்சு முழுசா மூணு நாள் ஆகலை!"

அக்கா போட்ட சத்தத்தில் வீடே வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தது. தங்கை கூடத்துக்கு ஓடி வந்தாள். வந்து பார்த்தால், மெத்தையின் நடுவே அகலமாக ஓர் ஏரி.

"நான் இல்லவே இல்ல!" என்று அக்காவின் மகள் முந்திக்கொண்டாள். பத்து வயதுதான், ஆனால் வாய்க்குப் பூட்டே கிடையாது. அதனால் வீட்டில் அவள் பெயர் 'வக்கீல்'. "நான் சுவரோரம் படுத்திருந்தேன். என் டிரஸ்ஸை வேணும்னா தொட்டுப் பாருங்க சித்தி, மொறமொறன்னு இருக்கு."

எல்லோருடைய கண்ணும் தங்கையின் மகள் சிட்டுவின் மேல் போய் நின்றது. எட்டு வயது. கழுத்துவரை போர்வையைச் சுற்றிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தாள்.

"நான்தான் பெரியம்மா," என்றாள்.

தங்கைக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் செய்துவந்தாள். ஏழு மணிக்கு மேல் தண்ணீரைக் குறைத்தாயிற்று. படுக்குமுன் இரண்டு தடவை பாத்ரூம். நனையாத ஒவ்வொரு நாளுக்கும் காலண்டரில் ஒரு நட்சத்திரம். தொடர்ந்து இருபத்து மூன்று நட்சத்திரம் விழுந்த தைரியத்தில்தான் அக்கா வீட்டுக்கே புறப்பட்டு வந்தாள். ரப்பர் விரிப்பைக்கூட, "வேண்டாம்மா, மானம் போயிடும்" என்று சிட்டு பையிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டாள்.

அக்காவின் கத்தல் பெரிதில்லை. கத்துவாள், பத்து நிமிஷத்தில் மறந்துவிடுவாள். தங்கைக்குப் பயமெல்லாம் அத்தானை நினைத்துத்தான். அவர் இன்சூரன்ஸ் சர்வேயர். நசுங்கிய கார்களைச் சுற்றி வந்து, யார் மேல் தப்பு என்று ரிப்போர்ட் எழுதுவது அவர் தொழில். வீட்டிலும் அதே கண், அதே வாய். போன வருஷம் இந்த விஷயம் காதில் விழுந்ததும், "எல்லாம் சோம்பேறித்தனம். முதுகுல ரெண்டு போட்டா மறுநாளே நின்னுடும்" என்று ஒரே வரியில் ரிப்போர்ட் எழுதி முடித்தவர். அப்படிப்பட்ட மனிதர் நேற்று, அக்கா தங்கை பேசிக் கிடக்கட்டும் என்று தன் அறையை விட்டுக்கொடுத்து, கூடத்தில் பிள்ளைகளோடு படுத்துக்கொண்டதே பெரிய விஷயம்.

அத்தான் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டியபடி வந்தார். மெத்தையைப் பார்த்தார். சிட்டுவைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மன்னிச்சிடுங்க அத்தான், நான் இப்பவே அலசிக் காயப்போட்டுடறேன்..."

"நீ எதுக்கும்மா மன்னிப்புக் கேக்கறே?" என்றவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "நீ எதுக்கு இந்தக் கத்துக் கத்தறே? இங்க என்ன கொலையா நடந்துபோச்சு?"

"அதுக்கில்லீங்க, எட்டு வயசாச்சு..."

"வயசுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அசந்து தூங்கும்போது, மூத்திரப் பை நிறைஞ்ச சேதி மூளைக்குப் போய்ச் சேரலை. நடுவுல தபால் தவறிடுது, அவ்வளவுதான். தபால் வரலைன்னா வீட்டுக்காரனைப் போட்டு அடிப்பாங்களா? யாரும் வேணும்னு போறதில்லை. திட்டினா இன்னும் ஜாஸ்திதான் ஆகும், தெரியுமா?"

அக்கா வாயைப் பிளந்தாள். "ரெண்டு போட்டா நின்னுடும்னு போன வருஷம் நீங்கதானே சொன்னீங்க?"

"போன வருஷம் நான் முட்டாள்."

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் இந்த வாக்கியத்தை அவர் வாயால் அவள் கேட்டதே இல்லை. தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

வக்கீல் விடவில்லை. "அப்பா, அப்ப ரிப்போர்ட்ல யார் மேல தப்புன்னு எழுதுவீங்க?"

"மெத்தை மேல. தேவையில்லாம குறுக்க வந்து படுத்திருக்கு. போய்ப் பல்லைத் தேய்!"

துணைக்கு வந்த தங்கையைத் தடுத்துவிட்டு, மெத்தையைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு, தஸ்புஸ் என்று மூச்சு வாங்க மொட்டை மாடிக்கு ஏறினார். தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற தகப்பனே ஒரு நாள் எரிந்து விழுந்திருக்கிறான். இந்த மனிதருக்கு உள்ளே இவ்வளவு ஈரம் இருக்கும் என்று யார் கண்டது! இத்தனை நாள் அவரைக் கரித்துக் கொட்டியதற்கு மனசுக்குள்ளேயே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சிட்டுவைக் குளியலறைக்கு அழைத்துப் போனாள். நட்சத்திரம் போனால் போகட்டும், நாளைக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தபடி போர்வையை உருவினாள். கவுனைத் தொட்டாள். உள்ளாடையைத் தொட்டாள். மறுபடியும் தொட்டுப் பார்த்தாள்.

"என்னடி இது, ஒரு சொட்டு ஈரம் இல்ல?"

"நான் போகலையேம்மா."

"அப்புறம் ஏண்டி ஒத்துக்கிட்டே? அப்ப அந்த வக்கீல்தானா?"

"சே, அவ இல்லம்மா." சிட்டு கதவைச் சாத்திவிட்டு, அம்மாவின் காதருகே வந்தாள். "வெளியில சொல்லிடாதே, பாவம். விடியும்போது முழிச்சுப் பார்த்தா, பெரியப்பா நனைஞ்ச பைஜாமாவைப் பிடிச்சுக்கிட்டு அழற மாதிரி நின்னாரு. அவருக்கு இதான் முதல் தடவையாம். அந்தத் தபால் கதை, டாக்டர் சொன்னது, எல்லாத்தையும் சொல்லி, 'நீங்க போய்க் குளிங்க பெரியப்பா, மத்ததை நான் பார்த்துக்கறேன்'னு அனுப்பி வெச்சேன்."