சும்மாடு

புதுப் பிரசங்க மேடையைத் தலையில் தாங்கி நிற்கும் மரச்சிலைக்குத் தன் புருஷன் இஞ்ஞாசியின் முகம் இருப்பதைக் கயித்தாள் கண்டாள். அந்த மேடைக்கான தேக்குத் தடியைக் கடற்கரையிலிருந்து சுமந்து வரும்போதுதான் அவன் அதனடியில் நசுங்கிச் செத்தான்.

"ஒம் மாப்பிள்ளைக்குக் கோயிலுக்குள்ளயே எடம் குடுத்துட்டேன், பாத்தியா?" என்று பூசைக்கு முன்பு தச்சர் மிக்கேல் பெருமையாகச் சொன்னார்.

சுற்றிலும் திராட்சைக்கொடி, கொத்துக் கொத்தாகப் பழம், கன்னம் உப்பிய, சிறகு விரித்த சம்மனசுகள், எல்லாவற்றுக்கும் பொன்பூச்சு. ஒரு சம்மனசுகூட கை கொடுக்கவில்லை. அவன் ஒருவன்தான் கழுத்து நரம்பு புடைக்கத் தூக்கிக்கொண்டு நின்றான். அதுவும் வெறுந்தலையில். தினமும் அவன் சுமை தூக்கப் போகும்போது தலைக்குத் துணிச் சும்மாடு சுருட்டிக் கொடுத்தவள் அவள்.

சாமியார் மேடையேறினார். "ஆண்டவர் தரும் பாரத்தை முனகாமல் சுமப்பவனே பாக்கியவான்" என்று பிரசங்கத்தைத் தொடங்கினார்.

கயித்தாள் எழுந்தாள். தலை முக்காட்டை உருவிச் சுருட்டிக்கொண்டு நேராக மேடையடிக்குப் போனாள். சிலையின் தலைக்கும் பலகைக்கும் நடுவே துணியைத் திணித்துப் பார்த்தாள். நகம் நுழையக்கூட இடமில்லை.

"கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு?" மிக்கேல் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தார்.

உதறிவிட்டு அண்ணாந்து கத்தினாள்: "எறங்குங்க சாமி! அந்த மனுசன் உசுரோட தூக்குனது பத்தாதா?"

சாமியார் கால் மாற்றி நின்றார். கீழே மரம் முனகியது.