ஆறாவது அழைப்பு

ஐந்து மணிக்குள் முப்பதாயிரம் மலேசிய வெள்ளி போய்ச் சேராவிட்டால் பவனேஷை வேறு கும்பலுக்கு விற்றுவிடுவார்களாம்.

மணி நாலு இருபது. கைப்பேசியில் இன்னும் அதே வரிதான். ‘வெளிநாட்டுப் பரிமாற்றம் பரிசீலனையில் உள்ளது.’

நேற்றுக் காலை அனுப்பிய பணம். தாலிக்கொடியை அடகு வைத்து, கூட்டுச் சீட்டுப் பணத்தைக் கெஞ்சி முன்கூட்டியே எடுத்துப் போட்டது. ஒன்றரை நாளாக என்னத்தைப் பரிசீலிக்கிறார்கள், கட்டையில் போகிறவர்கள்?

குளிர்சாதன அறையில் உட்கார்ந்து போன் பேசினால் மாதம் எட்டாயிரம் என்று தாய்லாந்துக்குப் போனான் என் மகன் பவனேஷ். அப்பனைப் போல் செம்பனைத் தோட்டத்தில் குலை தூக்கமாட்டானாம். இப்போது எல்லை தாண்டி எந்தக் காட்டிலோ, கம்பி வேலிக்குள். ஊரை ஏமாற்றப் போன் பேசச் சொல்லி அடிக்கிறார்கள். அதை அவர்களே வீடியோ எடுத்து அனுப்பினார்கள். நான் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் முருகையா பார்த்துவிட்டு, வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தார்.

போன் அடித்தது. தெரியாத எண். வெட்டினேன்.

காலையிலிருந்து இது ஐந்தாவது தடவை. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று அலையும் இந்த ஏமாற்றுக்காரன்களுக்கு இன்றைக்குத்தானா நேரம் கிடைத்தது?

பவனேஷ் சொல்லிக்கொடுத்த பாடம் அது. “தெரியாத நம்பர் வந்தா கட் பண்ணிடும்மா. ஒரு வார்த்த பேசாத. பேசுனா போச்சு.”

நாலரைக்கு முருகையா கூப்பிட்டார். மதியமே எங்கள் ஊர் புக்கிட் ரோத்தானிலிருந்து மோட்டாரில் பேங்குக்குப் பறந்தவர்.

“லோகா, புது அக்கவுண்டுக்குப் போற பணமாம். ஒங்கிட்டக் கேட்டுட்டுத்தான் விடுவாங்களாம். இப்பக் கூப்பிடுவாங்க. எந்த நம்பரா இருந்தாலும் எடு லா!”

அவர் வைத்த உடனே அடித்தது. எடுத்தேன்.

“வணக்கம், புவான் லோகேஸ்வரிங்களா? பேங்க்ல இருந்து பேசுறேன்.”

பின்னால் சந்தை இரைச்சல். எத்தனையோ பேர் ஒரே நேரத்தில் மலாய் மரியாதையில் புவான், புவான் என்று யார் யாரிடமோ குழைந்துகொண்டிருந்தார்கள்.

“நீங்க வெளிநாட்டுக்கு அனுப்புற பணத்த நிறுத்திடுங்க, புவான். அனுப்புனவங்க யாருக்கும் ஒண்ணும் திரும்பி வரல. மறுபடி மறுபடி கேப்பாங்க. போலீஸ்ல சொல்லுங்க.”

சுவரைப் பிடித்துக்கொண்டேன். அழக்கூடாது. இங்கே அழுதால் அங்கே அடி விழும்.

கேட்க ஆயிரம் இருந்தது. வாயில் வந்தது ஒன்றுதான்.

“சார்... சாப்பிட்டீங்களா?”



“சாப்பிட்டேன், புவான்.”

பொய். பவனேஷ் பொய் சொன்னால் கடைசி எழுத்து உள்ளே போய்விடும். எட்டு வயதிலிருந்து அப்படித்தான்.

தொடர்பு அறுந்தது. எண்ணைப் பார்த்தேன். காலையிலிருந்து நான் வெட்டிய அதே எண். ஐந்து தடவை கூப்பிட்டிருக்கிறான். ஐந்து தடவையும் பாவி நானே வெட்டியிருக்கிறேன்.

மறுபடியும் அடித்தது. இப்போது வேறு எண், ஒரு பெண்ணின் குரல். நிஜ பேங்க்.

“முப்பதாயிரம் வெள்ளி, புவான். இப்பவே அனுப்பிடலாம். விடவா, நிறுத்தவா?”

நிறுத்தினால் அவனை விற்றுவிடுவார்கள். விட்டால் பணமும் போகும், அவனும் வரமாட்டான். எது சரி என்று எனக்கென்ன தெரியும்? அவன் சொல்லிவிட்டான்.

“நிறுத்திடும்மா.”

அவள் குரல் மாறியது.

“ஏன் புவான்? பேங்க்ல இருந்து பேசுறேன்னு யாராச்சும் கூப்பிட்டாங்களா?”

“ஆமா.”

“ஐயோ, அது ஸ்கேம், புவான்! அவன்கிட்ட என்ன சொன்னீங்க? பாஸ்வேர்ட் ஏதும் குடுத்தீங்களா?”

“ஒண்ணும் குடுக்கல,” என்றேன். “சாப்பிட்டியான்னு கேட்டேன்.”