மடியில் இரண்டு கைகள்

வாங்கிய நாளிலிருந்தே அந்தப் பழைய கார் இடப்பக்கம் இழுத்தது. கார் ஓட்டத் தெரியாத தனசிங், மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “ஒன் கைதான் கோணல்” என்பார். ஜெபமலரும் நம்பிவிட்டாள். ஸ்டியரிங்கை வலப்பக்கமே பிடித்துப் பிடித்து அவள் தோள் கல்லாகிப் போயிருந்தது.

அலைன்மென்ட் பார்த்த மெக்கானிக்கிடமும் தன் கையைத்தான் குறை சொன்னாள்.

“கையில ஒண்ணுமில்லக்கா. சக்கரந்தான் கோணலா இருந்திச்சு. சரியாக்கியாச்சு” என்றார் அவர். தனசிங் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில், ஆளில்லாத புறவழிச்சாலையில், ஜெபமலர் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கார் சாலையின் வெள்ளைக் கோட்டோடு ஒட்டியே போனது. அவள் தோள் மெல்ல இறங்கியது.

“ஏட்டி, ஸ்டியரிங்கப் புடி!” தனசிங் தலைக்கு மேலிருந்த கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

“பொறுங்க” என்றாள். “நேராத்தான போவுது.”