பெண் பார்த்த கண்

“பொண்ணுக்குக் கண்ணுல அலர்ஜிங்க. அதான் தண்ணியா ஊத்துது. வேற ஒண்ணுமில்ல.”

மகள் ஆண்டாள் காபித் தட்டோடு கூடத்துக்கு வந்து நின்றதுமே, யாரும் கேட்பதற்கு முன்னால் ஆதிமூலம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டார்.

எலவனாசூர்கோட்டையில் ஆதிமூலத்தின் சம்பந்தம் என்றால் சும்மா இல்லை. அதனால்தான் மணலூர்பேட்டையிலிருந்து வேன் வைத்துக்கொண்டு பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளை சின்னராசு, அவன் அப்பா வீரமுத்து, அம்மா பச்சையம்மாள், கூடவே தரகர் கந்தசாமி.

சின்னராசுவுக்குப் பார்த்ததுமே பிடித்துப்போனது. கண் சிவந்திருந்தால் என்ன, முகத்தில் அப்படி ஒரு களை.

பச்சையம்மாள் மட்டும் காபியைத் தொடவில்லை. எழுந்து போய்ப் பெண்ணை ஜன்னலோரம் கூப்பிட்டு, முகவாயைத் தொட்டு நிமிர்த்தினாள்.

“எத்தினி நாளா இருக்குது?”

“சின்ன வயசுலருந்தே,” என்றார் ஆதிமூலம்.

“நான் பொண்ணைக் கேக்கறங்க.”

ஆண்டாள் அப்பாவைப் பார்த்தாள். “சின்ன வயசுலருந்தே,” என்றாள்.

“தூசி பட்டா ஜாஸ்தியாவுதா? காத்தால எழுந்தா இமை வீங்கிக்கினு இருக்குதா? தும்மல் வருதா?”

“ம்.”

“இன்னா சொட்டு மருந்து வுடற?”

பெண் விழித்தாள்.

“பச்சை மூடி போட்டிருக்கும்ங்க, பேரு வாயில நுழையல,” என்றார் ஆதிமூலம்.

“வெளிய போய்ட்டு வந்தா பச்சத் தண்ணியில கண்ணைக் கழுவறியா? தலாணி உறைய வெந்நீர்ல அலசிப் போடறியா?”

ஆண்டாளின் கன்னத்தில் வழிந்தது பட்டுப்புடவையில் சொட்டியது.

சின்னராசுவுக்குக் கூசியது. சந்தையில் மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரி இருந்தது.

“அம்மா, போதும்மா.”

பச்சையம்மாள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமிக்கொள்ளவில்லை, சுற்றி வளைக்கவில்லை.

“எங்க வூட்டுக்கு இந்தக் கண்ணு ஆவாதுங்க.”

தரகர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

“எந்நேரமும் மாடு, வைக்கோலு, கரும்புச் சோகை. வூடு பூரா தூசி. உங்க பொண்ணு தங்கங்க. எங்க வூடுதான் அதுக்குச் சரிப்படாது.”

“இன்னாம்மா இது! இதுக்குப் போயி யாராச்சும் சம்பந்தத்தை வுடுவாங்களா?” என்று தரகர் பதறினார்.

“இன்னொண்ணும் சொல்றேன். எங்க வூடுன்னு இல்ல, இந்தக் கண்ணை வச்சிக்கினு இப்போதைக்கு எங்கியுமே மணையில உக்கார வைக்காதீங்க. ஓமப் புகை பட்டா தாங்காது. மொதல்ல நல்ல கண் டாக்டரா பாத்துக் காட்டுங்க. ரெண்டு வருசம் போவட்டும். அதுவரைக்கும் கல்யாணப் பேச்சே எடுக்காதீங்க.”

ஆதிமூலத்தின் முகம் கறுத்தது. “வேணாம்னா வேணாம்னுட்டுப் போங்க. எம்பொண்ணுக்கு எப்பக் கல்யாணம் பண்றதுன்னு சொல்றதுக்கு நீங்க யாருங்க?” என்றவர், வீரமுத்துவின் பக்கம் திரும்பினார். “நீங்க இன்னாங்க சொல்றீங்க?”

“அவ சொன்னா சரியா இருக்கும்ங்க,” என்று வீரமுத்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

உள்ளே போன ஆண்டாள் ஒருமுறை திரும்பிப் பச்சையம்மாளைப் பார்த்தாள்.

வாசலில் ஒரு பெண்மணி காதுபடவே சொன்னாள்: “கண்ணுல தண்ணி வந்துச்சின்னு ஒரு பொண்ணை ஒதுக்கறாளே, இவளும் ஒரு பொம்பளையா? இவ வயித்துல பொண்ணு பொறந்திருந்தா தெரியும்.”

பச்சையம்மாள் நிமிர்ந்த தலையோடு வேனில் ஏறினாள். தரகர் சமாதானம் பேச அங்கேயே தங்கிவிட்டார்.

திருக்கோவிலூர் ரோட்டைப் பிடிக்கும்வரை சின்னராசு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். அப்புறம் வெடித்துவிட்டான்.

“ஏம்மா, உனக்கு இல்லாத அலர்ஜியா? நெல்லு அடிச்சா ஒரு வாரத்துக்கு உங்கண்ணு கோவப்பழமாட்டம் கெடக்குது. எனக்கு வெவரம் தெரிஞ்ச நாளா சொட்டு மருந்து வுட்டுக்கினுதான் இருக்கற. அப்பா உன்னை வேணாம்னு ஒதுக்கினாரா?”

“எனக்கும் இருக்கறதாலதான்டா சொன்னேன்.”

“ஒண்ணும் புரியல.”

“அலர்ஜின்னா மொதல்ல அரிக்கும்டா. கசக்காத, கசக்காதன்னு டாக்டரு தலபாடா அடிச்சிக்கிறாரு. எங்கையி கேக்குதா? அதுபாட்டுக்குக் கண்ணுக்குப் போவுது. நாம இருந்த அம்மாம் நேரத்துல அந்தப் பொண்ணு கையி ஒரு தபாகூட கண்ணுகிட்ட போவல. தண்ணி மட்டும் வழிஞ்சிக்கினே இருந்துது.”

சின்னராசு அம்மாவையே பார்த்தான்.

“அது அழுவுதுடா. இந்தக் கல்யாணம் வேணாம்னு அழுவுது. காரணம் இன்னாவோ, நமக்கு இன்னாத்துக்கு அது?”

அவனுக்குப் பெண்ணின் முகம் இன்னும் மனசில் நின்றது. பிறகு மெதுவாகக் கேட்டான்.

“அதை அங்கியே சொல்லியிருக்கலாமே. உனக்கு எதுக்கும்மா கெட்ட பேரு?”

“சொல்லியிருந்தா, நம்ம வேன் தெரு திரும்பறதுக்குள்ள அவங்கப்பன் அதைப் போட்டு அடிச்சிருப்பான். இப்ப எல்லாரும் சேந்து என்னை இல்ல திட்டிக்கினு இருப்பாங்க? நல்லா திட்டட்டும்.”